மழைநீரும் ஊர்ப்பொறுப்பும்: செட்டிநாட்டு ஊருணிகள் கற்பிப்பவை

முன்னுரை

குடிநீரைப் பற்றிய பேச்சு நம் சபைகளில் கோடையில் எழுகின்றது. ஐப்பசி மழை தொடங்கியதும் அடங்கிவிடுகின்றது. மழைக்காக உபவாசமிருந்து ஜெபிக்கும் நாம், மழை வந்தபின் அந்நீர் எங்கே போகின்றது என்று பார்ப்பதில்லை. வேண்டிப் பெற்றதைக் காத்துக்கொள்ளாத இம்மறதி, திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

'மழைநீர் சேகரிப்பு' என்னும் தொடர் தமிழகமெங்கும் பெருவழக்காக வந்தது 2003-ஆம் ஆண்டிலாகும். சில ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்த நிலையில், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல் வேண்டுமென அவ்வாண்டு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் குழாய்கள் பொருத்தப்பட்டன; குழிகள் தோண்டப்பட்டன. அக்குழாய்களுள் பல இன்று உடைந்து தொங்குகின்றன. குழிகள் பல மண்மூடிக் கிடக்கின்றன. சட்டத்தால் அமைப்பு வந்தது. அதனைப் பேணும் வழக்கம் எங்கும் வேரூன்றவில்லை.

அவ்வழக்கம் எவ்வாறு இருந்தது, எவ்வாறு தேய்ந்தது என்பதை அறிய விரும்புவோர் செட்டிநாட்டை நோக்குதல் நலம். கூரையில் விழும் மழையைக் குடத்திலும் ஊருணியிலும் சேர்த்து ஆண்டு முழுவதும் குடித்து வாழ்ந்த ஊர்கள் அங்கு உண்டு. அவ்வமைப்பு எவ்வாறு இயங்கிற்று, அந்நீர் எவ்வாறு தூய்மையுற்றது, பின்னர் ஏன் அது சீரழிந்தது, இன்று ஒரு கிராமச் சபை என்ன செய்யக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே: மழைநீரைக் காப்பது ஊரார் அனைவரின் பொறுப்பு, அந்நீர் அனைவருக்கும் உரியதாக இல்லாத இடத்தில் அப்பொறுப்பு நிலைப்பதில்லை.

1. மழையை நம்பிய நாடு

செட்டிநாடு என்பது சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியை நடுவாகக் கொண்டு, புதுக்கோட்டை மாவட்டத்திலும் சில ஊர்களை உள்ளடக்கிய வட்டாரமாகும். நகரத்தார் வாழ்ந்த ஊர்கள் முன்னர்த் தொண்ணூற்றாறு என்பது மரபு. இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. இந்நிலப்பகுதியில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மணிமுத்தாறு, பாம்பாறு முதலியன மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றாறுகள். ஆண்டு மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்துவிடுகின்றது. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் இம்மழையைத் தேக்கிவைக்காத ஊர், தை பிறந்தபின் தண்ணீருக்கு அலைய நேரிடும்.

இத்தகைய நிலத்தின் வாழ்வு திருமறைக்குப் புதியதன்று. காலால் நீர்பாய்ச்சிப் பயிர்செய்த எகிப்தையும், வானத்து மழையையே குடிக்கும் கானானையும் உபாகமம் ஒப்பிட்டுக் காட்டுகின்றது (உபா. 11:10, 11). அம்மலைநாட்டு மக்கள் பாறையில் துரவுகளை வெட்டிச் சுண்ணாம்பு பூசி மழைநீரைச் சேர்த்தனர். உசியா அரசன் துரவுகள் பல வெட்டியதை நாளாகமம் குறித்து வைத்துள்ளது (2 நாளா. 26:10). எரேமியா இறக்கப்பட்ட துரவிலோ தண்ணீர் இல்லை, சேறு மட்டுமே இருந்தது (எரே. 38:6). தூர் வாரப்படாத நீர்நிலையின் நிலை அதுவே என்பதை நம் கிராமத்தார் உடனே உணர்ந்துகொள்வர்.

தென்மாவட்டங்களில் நீர்நிலைகள் பயனுக்கேற்ப வேறுபெயர் பெறுகின்றன. வயலுக்குப் பாயும் நீரைத் தேக்குவது கண்மாய்; அது பரந்து ஆழங்குறைந்திருக்கும். குடிப்பதற்கென்று தோண்டப்பட்டது ஊருணி. ஊரார் உண்ணும் நீரையுடையது என்பது அப்பெயரின் பொருள். திருவள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் (குறள் 215), பிறர்க்குப் பயன்பட வாழும் அறிவுடையோனின் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். குடிநீர்க்குளம் தனியொருவரின் உடைமையன்று, ஊரின் உடைமை என்பது அத்துணைத் தொன்மையான எண்ணமாகும்.

2. கூரையிலிருந்து ஊருணி வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு நகரத்தார் தம் ஊர்களில் பெருவீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தளக்கற்களையும் காண வருவோர் பலர்; அவ்வீடுகளின் நீரமைப்பைக் காண்போர் சிலரே. ஓடு வேய்ந்த கூரைகள் உள்நோக்கிச் சரிந்து, வீட்டின் நடுவே திறந்திருக்கும் வளவில் நீரை விழச்செய்கின்றன. கூரை கூடும் மூலைகளில் பெரிய அண்டாக்களை வைத்துக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேண்டிய நீரைப் பிடித்துக்கொண்டனர். மிகுந்த நீர் வளவிலிருந்து வடிகால்வழியே வெளியேறித் தெருவோர வாய்க்காலில் சேர்ந்தது. தெருக்கள் நேராகவும் ஒரே சரிவிலும் அமைந்தமையால் அந்நீர் தேங்காமல் ஊருணிக்கோ குளத்துக்கோ சென்றடைந்தது. வீடு, தெரு, ஊருணி ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாக இருந்தன. இவ்வூர்த்தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது.

ஊருணியின் அமைப்பிலும் நுட்பம் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தின் மழைநீர் வரத்துக்கால் வழியே வந்துசேரும். கரைகள் செம்புராங்கல்லால் கட்டப்பட்டிருக்கும். இறங்கி மொள்வதற்குப் படித்துறை இருக்கும். நிறைந்தபின் மிகுநீர் வழிந்து அடுத்த குளத்துக்கோ கண்மாய்க்கோ செல்லும். குளிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் மாடுகளைக் கழுவுவதற்கும் வேறு குளங்களை ஒதுக்கிக் குடிநீர் ஊருணியைத் தனியே காத்தனர். ஊருணியில் தேங்கிய நீர் கசிந்து சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளையும் ஊறச்செய்தது. ஆகவே படித்துறைக்கு ஒருநாளும் போகாதவனும் ஊருணியின் நீரையே குடித்தான் எனலாம்.

கண்மாய் அகன்றும் ஊருணி ஆழ்ந்தும் அமைந்தது ஏன்? இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஐம்பது மீட்டர் நீளமும் ஐம்பது மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஊருணியில் 50 இலட்சம் லிட்டர் நீர் அடங்கும். வெயிலால் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகின்றது என்று கொண்டால், தை முதல் ஆனி வரையுள்ள ஆறு மாதத்தில் 90 சென்டிமீட்டர் நீர், அதாவது ஏறத்தாழப் பாதி, வானத்துக்கே திரும்பிவிடும். அதே அளவு நீரை ஒரு மீட்டர் ஆழத்தில் இருமடங்கு பரப்பில் தேக்கியிருந்தால், ஆறாம் மாத முடிவில் அநேகமாக ஒன்றும் எஞ்சியிராது. ஆழமே ஊருணியின் உயிர். எனவே ஆண்டுதோறும் படியும் வண்டலை வாராமல் விடுவது, அதன் கொள்ளளவைக் குறைப்பதோடு, எஞ்சிய நீரையும் வெயிலுக்கு இரையாக்குவதாகும்.

எஞ்சிய பாதியிலும் கரைச்சரிவையும் கசிவையும் கழித்துப் பத்து இலட்சம் லிட்டரே கைக்குக் கிட்டிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டராக, ஐந்நூறு பேர் ஆறு மாதம் குடிக்கவும் சமைக்கவும் அது போதும். ஒரு சிற்றூரைக் கோடையிலிருந்து காப்பாற்றும் அளவு இது.

3. சேர்ந்த நீர் தூய நீராதல்

மழைநீர் தூயது, சேர்த்துவைத்த மழைநீர் எப்போதும் தூயதன்று. இவ்வேறுபாட்டை ஆயர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஊருணி நீரை அப்படியே குடிக்கலாம் என்று சொல்வது தவறாகும்.

நரம்புச்சிலந்தி நோய் இதற்கு ஒரு சான்று. இந்நோயுற்றவரின் காலிலிருந்து நூல்போன்ற நீண்ட புழு வெளிப்படும். அக்காலுடன் அவர் நீரில் இறங்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் நீர்ப்பூச்சிகளின் உடலில் வளரும். அந்நீரைக் குடிப்போர் ஓராண்டளவில் அதே நோய்க்கு ஆளாவர். தமிழகத்திலும் இந்நோய் இருந்தது. படிகளில் இறங்கி மொள்ளும் கிணறுகளையும் குளங்களையும் மாற்றியமைத்தும், நீரைத் துணியால் வடிகட்டக் கற்பித்தும் இந்நாடு இதனை வென்றது. இந்தியாவின் இறுதி நோயாளி 1996-ஆம் ஆண்டில் காணப்பட்டார்; 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கலாகாது என்ற பழைய ஊர்க்கட்டுப்பாடு எத்துணை அறிவுடையது என்பதும், அக்கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் என்ன நேரும் என்பதும் இதனால் விளங்கும்.

நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்தனர். அது நீரில் மிதக்கும் மண்துகளைத் திரட்டி அடியில் படியச்செய்கின்றது. செப்புக்குடத்தில் இரவு முழுவதும் வைத்த நீரில் கிருமிகள் பல மடிகின்றன என்பதை இக்கால ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. இவை பயனுள்ளவை, ஆயினும் ஓர் ஊருக்கு முழுப் பாதுகாப்பு ஆகமாட்டா.

அதற்கு மணல் வடிகட்டியே எளிய வழி. அடியில் கூழாங்கல்லும் அதன்மேல் பருமணலும் மேலே நுண்மணலும் பரப்பி நீரை மெல்ல இறங்கவிட்டால், சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களாலான மெல்லிய படலம் உண்டாகும். நோய்க்கிருமிகளைப் பெரும்பகுதி அழிப்பது அப்படலமே. இலண்டனில் 1829-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பொறியாளர் தேம்ஸ் நீரை இம்முறையால் வடிகட்டினார். 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமும் அதே எல்பா ஆற்றின் நீரையே குடித்தது. எனினும் மணலால் வடிகட்டிக் குடித்தமையால் பெரும்பாலும் தப்பிற்று. ஊருணிக் கரையில் இத்தகைய வடிகட்டியும் அதனையடுத்து ஒரு மூடிய கிணறும் கட்டி, கைப்பம்பால் நீர் எடுத்தால், எவரும் ஊருணியில் இறங்கவேண்டிய தேவை எழாது.

வீட்டுக் கூரைநீருக்கும் ஒழுங்கு உண்டு. ஆண்டின் முதல் மழை ஓட்டின்மீதுள்ள புழுதியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதனைத் தொட்டிக்குள் விடலாகாது. தொட்டியின் வாயிலில் மணலும் மரக்கரியும் இட்ட வடிகட்டி வேண்டும். வெளிச்சமும் கொசுவும் புகாதபடி தொட்டி மூடப்பட்டிருத்தல் வேண்டும். திறந்த தொட்டி டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு இருப்பிடமாகிவிடும். குவளையை உள்ளே விட்டு மொள்ளாமல் குழாய்வழியே எடுத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும், சிறு குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் காய்ச்சி ஆறவைத்துக் கொடுப்பதே நன்று.

4. ஊருணி ஏன் கைவிடப்பட்டது?

ஊருணிகளைப் பேணுவதற்கு இருவகை ஏற்பாடுகள் இருந்தன. செல்வர்கள் தம் பொருளால் ஊருணி வெட்டிக் கரை கட்டினர். ஊரார் தம் உழைப்பால் வரத்துக்காலையும் குளத்தையும் சீர்செய்தனர். பிற்கூறியதைக் குடிமராமத்து என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி இதனை நிலைநிறுத்த முயன்றனர். ஊரின் நீர்நிலைமேல் ஊராருக்கிருந்த உரிமை அரசின் கைக்குச் சென்றபின், கடமையை மட்டும் சட்டத்தால் காப்பாற்ற இயலவில்லை.

செட்டிநாட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். போருக்குப் பின்னரும் அங்குள்ள வணிகம் பழைய நிலையை அடையவில்லை. 1960-களில் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியதும் அது முடிவுற்றது. குடும்பங்கள் சென்னை முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தன. பெருவீடுகள் பூட்டப்பட்டன. ஒரு வகுப்பாரின் கொடையையே பெரிதும் சார்ந்திருந்த பராமரிப்பு, அவர்கள் ஊரைவிட்டு நீங்கியபோது ஏற்பாரின்றி நின்றது. கொடை பெரிதாயினும் பொறுப்பு பகிரப்படாவிடின் அது நிலைப்பதில்லை என்பதற்கு இது சான்று.

அடுத்து வந்தன ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும். இவற்றில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் மிஷனெரிப் பணியினர் உருவாக்கிய கைப்பம்புகளே, 1970-களில் யுனிசெப் துணையுடன் வடிவமைக்கப்பட்ட 'இந்தியா மார்க் 2' என்னும் பம்புக்கு முன்னோடிகள். 1981 முதல் 1990 வரையுள்ள ஆண்டுகளைக் குடிநீர், சுகாதாரப் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபோது, இப்பம்பு பல்லாயிரம் சிற்றூர்களின் தாகம் தீர்த்தது. அந்நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நிலத்தடியில் நீர் உண்டு என்ற நம்பிக்கையில், நிலத்தின்மேல் நீரைக் காக்கும் பழக்கம் மறக்கப்பட்டது. கீழே ஊறுவதற்கு மேலே தேங்கவேண்டும் என்னும் எளிய உண்மை கருத்தினின்று நழுவிற்று. கடலோர இராமநாதபுரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்புநீரே கிடைத்தது.

பின்னர்க் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்கள் இவ்வறண்ட மாவட்டங்களுக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய் இணைப்பை இலக்காகக் கொண்டது. குழாய்நீர் பெண்களின் சுமையைப் பெரிதும் குறைத்துள்ளது. அதற்கு நன்றி செலுத்துவோம். ஆயினும் தொலைவிலுள்ள ஆற்றின் நீர் ஒரு குழாய் உடைந்தாலும் ஒரு மோட்டார் பழுதானாலும் நின்றுபோகின்றது. அந்நாட்களில் நாடவேண்டிய ஊருணியோ, வரத்துக்கால் அடைபட்டு, சீமைக்கருவேல் மண்டி, சாக்கடையும் குப்பையும் சேரும் பள்ளமாய்க் கிடக்கின்றது. வாங்கும் வசதியுள்ளோர் கேன் தண்ணீர் வாங்குகின்றனர். வசதியற்றோர் கிடைத்ததைக் குடிக்கின்றனர்.

5. யாருடைய நீர்?

இதுவரை கூறியதில் 'ஊரார்' என்னும் சொல்லைப் பலமுறை ஆண்டோம். அச்சொல்லுக்குள் யாவரும் அடங்கியிருந்தனரா என்று கேளாமல் மேற்செல்லலாகாது.

அடங்கவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்றிருந்த அமைப்பில் ஊருணி ஊருக்கே உரியதாயிற்று. சேரி மக்கள் பல இடங்களில் கரையில் நின்று, பிறர் மொண்டு ஊற்றும்வரை காத்திருந்தனர். அல்லது கண்மாயில் தேங்கிய கலங்கலைக் குடித்தனர். செட்டிநாடு அன்று அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடருக்கு விதித்த தடைகளை, மக்கட்கணக்கு ஆணையராயிருந்த ஹட்டன் பதிவுசெய்துள்ளார். ஆதிதிராவிடப் பெண்கள் மண்பானையில்தான் நீர் எடுக்கவேண்டும், செம்பு, பித்தளைக் குடங்களைப் பயன்படுத்தலாகாது என்பதும் அத்தடைகளுள் ஒன்று. தண்ணீரைப் பிடிக்கும் குடத்தின்மீதும் சாதி தன் முத்திரையைப் பதித்தது.

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் மகாராட்டிரத்து மகாத் நகரில் சவதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சேர்ந்து அருந்தியது இத்தகைய தடைக்கு எதிராகவே. நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, பொதுநிதியால் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எவருக்கும் தடை இருத்தலாகாது என்கின்றது. எனினும் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், செட்டிநாட்டை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக்கழிவு கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அச்செயலைப் புரிந்தவர் யார் என்ற வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஆனால் அச்செய்தி ஒன்றைத் தெளிவாக்குகின்றது: தொட்டியும் குழாயும் வடிகட்டியும் நீரைத் தூய்மையாக்கும்; அவற்றைக் காவல்செய்வது ஊராரிடையே நிலவும் உறவு.

சமாரியப் பெண் இயேசுவினிடம் எழுப்பிய முதல் வினா, நீரைப் பற்றியதன்று, யூதர் சமாரியரோடு புழங்காத வழக்கத்தைப் பற்றியது (யோவா. 4:9). யாக்கோபின் கிணறு இருவருக்கும் முன்னோர் வைத்துச்சென்ற சொத்து. எனினும் ஒரு குவளை நீர் கேட்பதே அங்கு வியப்பாயிற்று. அவ்வினா நம் ஊருணிக் கரைகளிலும் நம் ஆலய வளாகங்களிலும் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கின்றது. தனிக்குவளையையும் தனிக்கல்லறையையும் பொறுத்துக்கொண்ட சபை, பொதுநீரைப் பற்றிப் போதிக்கத் தகுதி பெறவேண்டுமாயின், முதலில் தன் வளாகத்துக் குழாயடியை நோக்கவேண்டும்.

6. மீட்புக்கு வழிகாட்டுவோர்

சீர்கெட்ட ஊருணிகளை மீட்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1997-இல் தொடங்கப்பெற்று, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தான் அறக்கட்டளை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களில் கண்மாய்களையும் ஊருணிகளையும் சீரமைத்து வருகின்றது. அதன் முறையில் நாம் கருத்தில் கொள்ளவேண்டியது, வேலை தொடங்குமுன் ஊராரின் சங்கத்தை அமைப்பதும், செலவில் ஒரு பங்கை ஊராரே ஏற்கச் செய்வதுமாகும். தமிழக அரசு 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து என்ற பெயரையே மீண்டும் எடுத்து நீர்நிலைகளைத் தூர்வாரத் தொடங்கிற்று. 2022-இல் மத்திய அரசு, மாவட்டத்துக்கு 75 குளங்கள் என்ற இலக்குடன் அம்ரித் சரோவர் திட்டத்தை அறிவித்தது. பணமும் இயந்திரமும் ஒரு மாதத்தில் குளத்தை ஆழப்படுத்திவிடும். வரத்துக்காலை ஆண்டுதோறும் காப்போர் ஊரில் இல்லையெனில், அது ஆழமான வெறும் பள்ளமாகவே நிற்கும்.

பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதி நமக்கு நல்ல ஒப்புமை. அங்குத் திருச்சபை நிறுவனங்களும் உழவர் சங்கங்களும் பிற மக்கள் அமைப்புகளும் ஒன்றுகூடி, பத்து இலட்சம் நீர்த்தொட்டிகள் கட்டும் திட்டத்தை 2003-இல் அரசின் துணையுடன் தொடங்கின. வீட்டருகே கட்டப்படும் ஒவ்வொரு தொட்டியும் 16,000 லிட்டர் கொள்ளும். ஐவர் கொண்ட குடும்பம் எட்டு மாத வறட்சியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 13 லிட்டர் பெற அது போதும். தொட்டியைக் கட்டும் கொத்தர் வேலை உள்ளூராருக்கே கற்பிக்கப்பட்டது. குழி தோண்டுவதில் குடும்பத்தார் பங்கேற்றனர். நீரைப் பேணும் முறையைப் பயின்றனர். அதற்குமுன் தேர்தல்தோறும் தண்ணீர் லாரியைக் காட்டி வாக்குக் கேட்கும் வழக்கம் அப்பகுதியில் இருந்தது. தன் வீட்டில் தன் நீரை வைத்திருக்கும் குடும்பத்தை அவ்வாறு அடிமைப்படுத்த இயலாது.

7. ஒரு கிராமச் சபை செய்யக்கூடியவை

முதலாவது, ஆலயக் கூரையை நோக்குவோம். ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் கிடைப்பது ஒரு லிட்டர். இருபது மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஆலயக் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,80,000 லிட்டர் ஆகும். சிதறுவதையும் முதல் மழையையும் கழித்து நூற்றுக்கு எண்பது பங்கு கொண்டாலும் 1,44,000 லிட்டர். இது முழுவதையும் தேக்க வேண்டியதில்லை. 20,000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்றே, நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராக நூறு நாட்களுக்குக் குடிநீர் தரும். எஞ்சியதை வடிகட்டிக் கிணற்றிலோ குழியிலோ இறக்கி நிலத்தடி நீரை வளப்படுத்தலாம்.

இரண்டாவது, ஊருணியைச் சபையின் உடைமையாகக் கருதாமல், ஊர்ப்பணியில் ஒரு கையாக நிற்போம். ஊராட்சியையும் கோவிற்குழுவையும் பள்ளிவாசலாரையும் சேரி மக்களையும் ஒரே கூட்டத்தில் அமரச்செய்ய ஆயரால் இயலுமாயின், அதுவே பாதி வேலை. பொறுப்புக் குழுவில் தலித் மக்களும், நாள்தோறும் நீர் சுமக்கும் பெண்களும் இடம்பெறவேண்டும். முதலில் வரத்துக்காலை ஆராய்ந்து அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் கண்டறிதல், பின்னர் சாக்கடை கலக்கும் வழியை அடைத்தல், அதன்பின் தூர்வாருதல், இறுதியில் வேலியும் வடிகட்டியும் பம்பும் அமைத்தல் என்பதே முறை. இவ்வரிசையை மாற்றினால் செலவு வீணாகும். தூர்வாரும்போது அடியிலுள்ள களிமண் படுகையை வெட்டிவிடாமல் காக்கவேண்டும். அதனை உடைத்தால் ஊருணியில் நீர் நில்லாது.

மூன்றாவது, பேணுவதற்கு ஒரு நாளைக் குறிப்போம். ஆவணி, புரட்டாசி மாதங்களில் கூரையைக் கூட்டி, தொட்டியைக் கழுவி, வடிகட்டியின் மணலை மாற்றி, வரத்துக்காலைச் செதுக்குதல் வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு நாள் குறிக்கும் சபைக்கு இது அரிதன்று. ஆண்டுக்கு இருமுறையேனும் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, முடிவை எல்லாரும் காணும்படி எழுதிவைக்கவேண்டும்.

முடிவுரை

ஈசாக்கு புதிய கிணறு தேடிப் புறப்படவில்லை. தன் தகப்பன் வெட்டியதும் பகைவர் மண்ணிட்டுத் தூர்த்ததுமான கிணறுகளை மறுபடியும் தோண்டி, அவற்றிற்குப் பழைய பெயர்களையே இட்டான். அடுத்து அவன் ஆட்கள் கண்ட ஊற்றுக்காக வாக்குவாதம் எழுந்தது. அதற்கு ஏசேக்கு என்று பெயர். பின்னொன்றுக்காகவும் சண்டை எழுந்தது. அதற்குச் சித்னா என்று பெயர். எவரும் வாக்குவாதம் செய்யாத மூன்றாவது கிணற்றுக்கே ரெகொபோத், அதாவது விசாலம், என்று பெயரிட்டான் (ஆதி. 26:18-22). மூடிக்கிடக்கும் ஊருணியை மீண்டும் தோண்டும் பணி நம் கையில் உள்ளது. அதனைச் சச்சரவின் குளமாக விட்டுவிடுவதா, யாவருக்கும் இடமுள்ள குளமாக்குவதா என்பதும் நம் கையிலேயே உள்ளது.

இதனைப் படிக்கும் ஆயர்களும் மாணவர்களும் அடுத்த பருவமழைக்குமுன் தத்தம் சேகரத்தில் மூன்று வினாக்களுக்கு விடை காண்பார்களாக. நம் ஆலயக் கூரையின் நீர் எங்கே போகின்றது? நம் ஊரின் ஊருணிக்கு வரத்துக்கால் திறந்துள்ளதா? அதன் படித்துறையில் இன்று எவரேனும் இறங்கத் தயங்குகின்றனரா? மூன்றாம் வினாவுக்கு விடை காணத் தொடங்கும் சபைக்கு, முதல் இரண்டையும் செய்து முடிக்க ஊரில் துணைக்கைகள் கிடைக்கும்.